ஜன்னலுக்கு ஒரு மோட்டர்

அலுவிகாரை பஸ் ஹோல்டுக்கு நேர் எதிரே இருக்கும் நோனாவின் வீட்டு வாசலில் டோஹாவிலிருந்து ஒரு நீளப் பெட்டி வந்திறங்கியது. அதற்குள் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் போக மனமில்லாமல், ஹோல்டில் நின்றவர்களில் பாதிப் பேர் அன்றைக்குப் பஸ்ஸை விட்டார்கள். பாய் என்றார் ஒருவர். கூரைக்குப் போடும் பீலிக் குழாய் என்றார் இன்னொருவர். கடைசியில் பக்கத்து வீட்டு அழகம்மா, வாங்கிய இரவல் சீனியைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தியை வெளியிட்டாள். ஜன்னலுக்கு மோட்டராம்.

ஊரில் மோட்டர் என்றால் கிணற்றுக்குப் போடுவது, தண்ணீர் இழுக்கும். ஜன்னலில் அது எதை இழுக்கப் போகிறது என்பது தெருவுக்கு விளங்கக் கொஞ்சம் பிடித்தது. திரையைத்தான். ஒரு குழாயில் சுருட்டிய சாம்பல் நிறத் துணி, குழாய்க்குள்ளே மோட்டர், கையில் ஒரு ரிமோட். அழுத்தினால் ஏறும், அழுத்தினால் இறங்கும். இரண்டு ஆணியும் ஒரு கம்பியும் ஒரு பழைய சேலையும் செய்கிற வேலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்காதவர் இல்லை. கேட்டவர்களுக்கும் பதில் தெரியும். தகப்பனின் ஜனாஸா அடக்கத்துக்கு வராத பிள்ளை அனுப்பிய பெட்டி அது. அப்படிப்பட்ட பெட்டிக்குள் சேலையும் கம்பியும் போதாது.

நோனாவின் கணவர் ஸக்கரியா, மிளகும் ஏலமும் வாங்கி விற்றவர், ஒரு காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழும்பவில்லை. அன்று மாலையே அடக்கம். மகன் றிஸ்வான் டோஹாவில் ஹோட்டல் ஜன்னல்களுக்குத் திரை பூட்டுகிறவன். பறந்து வந்திருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது. போனில்தான் பார்த்தான். அதைத் தெரு மன்னித்தது. மறுவாரமும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. அதைத் தெரு மன்னிக்கவில்லை. இறந்தவருக்காகக் கத்தம் ஓதிய அன்று சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்கூட, கறியைப் பற்றிப் பேசியதைவிட அவனைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். பேசியதை ஒரு சொல் சிந்தாமல் அள்ளி, நோனாவின் இளைய மகள் பர்ஸானா அன்றிரவே தன் நானா றிஸ்வானுக்குப் போனில் சொல்லிவிட்டாள். மாத்தளை டவுனில் மருந்துக்கடையில் நிற்கும் பிள்ளை. எதையும் அளந்து கொடுத்துப் பழக்கம், ஆனால் வாயில் அந்த அளவு கிடையாது.

நோனா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் சில மாதங்கள் வீட்டோடு இருக்கும் காலம் அது. அவள் இருந்தது முன்னறையில். பின்னறை ஈரம், தவிர ஸக்கரியாவின் கட்டில் முன்னறையில்தான் கிடந்தது. முன்னறை ஜன்னலோ ஹோல்டைப் பார்த்தது. தம்புள்ளை பஸ் வந்து நின்றால், பஸ்ஸில் இருக்கிறவன் நோனாவின் மடியில் இருக்கிற கீரைக் கட்டை எண்ணலாம். துணி போட்டால் மரக்கறி லொறி போகும் காற்றில் துணி கூரைக்குப் பறந்தது. மரக்கதவுகளைச் சாத்தினால் மூச்சு முட்டியது. தோள் பிடித்துப்போன கையால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறந்து மூட ஏலாது. இதையும் பர்ஸானாதான் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் அந்த மோட்டர்.

சட்டத்தை ஜன்னல் மரத்தில் பூட்டுவது லேசாக முடிந்தது. பர்ஸானா கதிரையில் ஏறி ஆணி முறுக்கினாள், அழகம்மா கதிரையையும் கதையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். திரை இறங்கியபடி தொங்கியது. கையால் இழுத்தால் ஏறாது. மோட்டர்தான் ஏற்ற வேண்டும். மோட்டருக்கு உயிர் வேண்டும். றிஸ்வான் போனில் விளக்கினான். மூன்று வழி இருக்கிறதாம். சுவரில் இருந்து வயர் இழுத்துக் கரண்டில் ஓட்டலாம். இல்லாவிட்டால் ஒரு பட்டரி, போனைச் சார்ஜ் பண்ணுவது போல எப்போதாவது பண்ணினால் போதும். அதுவும் வேண்டாமென்றால் கண்ணாடிக்கு வெளியே ஒட்டுகிற ஒரு சின்ன சோலார் துண்டு, வெயிலிலேயே ஓடிக்கொள்ளும். எது என்று உம்மா சொன்னால், அந்தச் சாமானை ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான்.

யாரிடமாவது என்ற சொல் நோனாவின் காதில் விழுந்தது. மற்ற எதுவும் விழவில்லை.

மறுநாள் காலையில் அவள் முடிவைச் சொன்னாள். கரண்ட்.

பர்ஸானா மலைத்துப்போனாள். அந்தப் பக்கச் சுவரில் ஒரு ப்ளக் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் இருந்து சுவரை வெட்டி, வயரைப் புதைத்து, ஜன்னலுக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அதற்கு ஜுனைதீன் வேண்டும். அந்தத் தெருவின் வயரிங் பாஸ் அவர்தான். ஜுனைதீன் உள்ளே வருவதற்கு உம்மா பின்னறைக்குப் போக வேண்டும். போனால் முடிந்தது, அரை நாள் வேலை.

போக மாட்டேன் என்றாள் நோனா. தான் இத்தா இருக்கிற அறைக்குள் அந்நிய ஆணின் கால் படக் கூடாது.

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. பர்ஸானா மௌலவிக்கே போன் எடுத்துக் கேட்டாள். உம்மா வேறு அறையில் இருந்தால் போதும், வேலைக்காரர் வந்து போகலாம், மார்க்கத்தை இவ்வளவு இறுக்க வேண்டாம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நோனா கேட்டுவிட்டு, மௌலவி படித்தது மௌலவிக்கு என்றாள். தன் வாழ்நாளில் ஒரு மௌலவியை எதிர்த்துப் பேசாதவள். பர்ஸானா வாயைப் பிளந்தாள். அன்றைக்கு அந்தி வருவதற்குள் தெருவும் பிளந்தது.

அழகம்மா தன் பங்குக்குச் சோலாரைச் சிபாரிசு செய்தாள். காசு கேட்காத வெயில், வயர் வேண்டாம், ஆள் வேண்டாம். வெளியே ஒட்டினால் விகாரைப் பாறையில் இருந்து வருகிற குரங்கு அன்றைக்கே கழற்றிக்கொண்டு போகும் என்றாள் நோனா. உள்ளதுதான், போன மாதம் அழகம்மாவின் சோப்புப் பெட்டியை அப்படித்தான் கொண்டுபோயின.

"குரங்கு ஒண்ணு கரண்டு ஸ்டேசன்ல பாஞ்சு நாடு பூராவும் லைட்டு போச்சே, மறந்துட்டீங்களா நோனாக்கா?" என்றாள் அழகம்மா. "அப்ப கரண்ட மட்டும் குரங்கு விட்டு வைக்குமா?"

நோனா தஸ்பீஹ் மணிகளை உருட்டினாள். பட்டரிக்கும் இதே கதிதான் ஆனது. பர்ஸானா தன் போனையே சார்ஜ் பண்ண மறக்கிறவள், அவளை நம்பி ஒரு ஜன்னலை ஒப்படைக்க ஏலாது என்றாள் நோனா. நாலு வருஷத்துக்கு முன் ஊரே இருட்டில் கிடந்ததை, நாள் தவறாமல் கரண்ட் வெட்டியதை, பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்ததை எல்லாரும் நினைவூட்டிப் பார்த்தார்கள். கரண்ட் போனால் திரை நின்ற இடத்தில் நிற்குமே என்றார்கள். நிற்கட்டும் என்றாள்.

தெரு மந்தமான தெருதான், ஆனால் அவ்வளவு மந்தம் இல்லை. சோலாருக்கு ஆள் வேண்டாம். பட்டரிக்கு ஆள் வேண்டாம். கரண்டுக்கு மட்டும் ஓர் ஆண் அந்த அறைக்குள் வந்து சுவரை வெட்ட வேண்டும். அந்த ஆண் அந்நியனாக இருக்கக் கூடாது. அப்படிக் கணக்குப் போட்டால் உலகத்தில் மிச்சம் இருக்கிறவன் ஒருவன்தான்; அவனுக்கு இந்த வேலை கையில் இருக்கிற வேலை. பெற்ற பிள்ளையை வா என்று நேரே கூப்பிட வெட்கப்பட்டு, மார்க்கத்தைக் கொண்டு கூப்பிடுகிறாள் கிழவி என்று ஹோல்டில் பேசிக்கொண்டார்கள். அதில் கொஞ்சம் கேலி இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, தங்கள் தெருவில் இப்படி ஒரு மூளை இருக்கிறதே என்று.

அன்றைக்கு இரவு றிஸ்வான் பேசியபோது அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

"கரண்ட்லதான் மகன் வேணும். நீ வந்து போடு."

யாரோ அரபியில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு, பாக்கிறேன் உம்மா என்றான்.

பாக்கிறேன் என்பதற்கு எத்தனையோ பொருள் உண்டு. கடன் கேட்டவனுக்குச் சொன்னால் ஒன்று, பெண் பார்த்துவிட்டுப் போனவன் சொன்னால் இன்னொன்று. நோனா அதற்குத் தன் பொருளைக் கொடுத்தாள். அடுத்த நாளே அவனுடைய நுளம்பு வலையைத் தோய்க்கச் சொன்னாள். பின்னறைக் கட்டிலுக்கு வெயில் காட்டச் சொன்னாள். மாசிச் சம்பலுக்கு நல்ல மாசிக் கருவாடு பார்த்து வாங்கச் சொன்னாள். கடையில் கிடக்கிற தூளை அவன் தொட மாட்டான். பர்ஸானா சொன்னதையெல்லாம் செய்தாள். ஒரே ஒரு தரம், நானா வாறேன் எண்டு சொல்லல்லயே உம்மா என்று மெல்லக் கேட்டாள். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையே என்றாள் நோனா.

ஒரு குறை மட்டும் இருந்தது. திரை இறங்கியபடியே கிடந்தது. பகலிலும் அறைக்குள் மழைக்காலத்து அந்தி. கழற்றி வைக்கட்டுமா என்று பர்ஸானா கேட்டதற்கு, அவன் வந்து ஏற்றட்டும் என்றுவிட்டாள். ஹோல்டில் நிற்கிறவர்களுக்கும் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது. சாம்பல் துணியைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் ஒருத்தி இருட்டில் உட்கார்ந்து, ரோட்டில் நிற்கிற ஒவ்வொரு த்ரீவீலின் சத்தத்தையும் அது தன் வாசலில் நிற்கிறதா, எதிர்க்கடையில் நிற்கிறதா என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்காது என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை கலைந்த நேரம், ஒரு த்ரீவீல் வாசலிலேயே நின்றது. மதிலுக்கு மேலால் அழகம்மாவின் குரல் வந்தது.

"நோனாக்கா, ஆம்பள ஒருத்தர் எறங்குறாரு. பெரிய பையோட. நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றாரு."

அழகம்மா அந்தத் தெருவுக்கு வந்தது றிஸ்வான் வெளிநாடு போன பிறகு. அவனை நேரில் கண்டதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

நோனா எழும்பினாள். கையை ஊன்றாமல் எழும்பியதைப் பர்ஸானா அன்றைக்குத்தான் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள், பெற்ற பிள்ளைக்கு முன்னால் அதற்குத் தேவையில்லை, ஆனாலும் செய்தாள். வாசல் படியில் செருப்புக் கழற்றும் சத்தம். கனமான பை ஒன்று சீமெந்துத் தரையில் இரும்புச் சத்தத்தோடு உட்கார்ந்தது. ட்ரில்லும் குறடும் போடுகிற ஆயுதப் பை. அவளுக்கு அதுவரை இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா" என்றது குரல்.

அவளுடைய தம்பி பலீல். கலேவெலையில் வயல்காரர்களுக்குத் தண்ணீர் மோட்டர் பூட்டிக் கொடுக்கிறவன்.

உலகத்தில் மிச்சம் இருக்கிறவன் ஒருவன்தான் என்று கணக்குப் போட்ட தெருவும், கணக்கைப் போட வைத்த நோனாவும், ஒரே வயிற்றில் பிறந்த தம்பியும் அந்நியன் இல்லை என்பதை மறந்துபோனார்கள். றிஸ்வான் மறக்கவில்லை. எத்தனை நாள் யோசித்தானோ தெரியாது. வயர், ப்ளக், மோட்டருக்கான சின்னக் கரண்ட் பெட்டி எல்லாவற்றையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து, அலுவிகாரைக்கு அனுப்பாமல் நேரே கலேவெலைக்கு அனுப்பியிருந்தான்.

பலீலுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளை மனசுக்காரன், வந்ததும் வராததுமாகச் சந்தோஷமாக எல்லாவற்றையும் அவிழ்த்தான். மருமகன் போன் எடுத்தானாம். மாமா நீங்கதான் மஹ்ரம், அந்நிய ஆள் இல்ல, நீங்க போனா உம்மா ஒண்டும் சொல்ல ஏலாது என்றானாம். வெள்ளாமை வெட்டு நேரம்தான், ஆனாலும் ராத்தாவின் இத்தாவுக்கு உதவாத தம்பி என்ன தம்பி என்று விட்டுவிட்டு வந்தானாம். கிணற்றுக்குப் போடுகிற கைக்கு ஜன்னல் எல்லாம் ஒரு விளையாட்டு என்று சொல்லிச் சிரித்தான். பர்ஸானா அவனைப் பார்க்காமல் தேத்தண்ணி போடப் போனாள்.

நோனாவும் சிரித்தாள். சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அவன் சுவரை வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரில் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. சுண்ணாம்புத் தூள் ஸக்கரியாவின் கட்டிலில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. இந்தச் சுவருக்கு ஸக்கரியா மச்சான் சீமெந்து கூடத்தான் போட்டிருக்கிறார் என்று பலீல் புகழ்ந்தான். ஆம் என்றாள்.

அஸர் தொழுகைக்கு முன்னே வேலை முடிந்தது. பலீல் ப்ளக்கை அழுத்தினான். பச்சைப் பொட்டு ஒன்று எரிந்தது. பர்ஸானா டோஹாவுக்குப் போன் எடுத்து, திரைக்கு நேரே பிடித்தாள். ரிமோட்டை நோனாவின் கையில் வைத்தார்கள். அவள் அழுத்தினாள். சாம்பல் துணி ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது; இத்தனை நாளாக அறையை விட்டுப் போயிருந்த பகல், கட்டில் காலில் இருந்து மேலே மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள், இறங்கியது.

றிஸ்வான் தொழில்காரனாகப் பேசினான். மாமா நேரா பூட்டியிருக்கிறீங்க, ஒரு பக்கமும் சரிவு இல்ல என்றான். பலீல் பூரித்துப்போனான். பிடிச்சிருக்கா உம்மா என்று கேட்டான் றிஸ்வான்.

"நல்லா இருக்கு மகன்" என்றாள் நோனா. போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நீ எப்ப வாறாய்?"

வேலை என்று ஆரம்பித்தான். பெரிய ஹோட்டல், நோன்புக்கு முன் முடிக்கணும், ஆள் பத்தாது.

"வேலய நான் கேக்கல்ல."

போனுக்குள் அவன் முகம் ஒரு பக்கம் திரும்பியது. இளைத்திருந்தான். தாடி ஸக்கரியாவின் தாடி போலவே ஓரத்தில் மட்டும் நரைக்கத் தொடங்கியிருந்தது.

"வாப்பாவ அடக்க வராதவன், ஜன்னல் பூட்ட வந்திருக்கான் எண்டு சொல்லுவாங்க உம்மா."

சொல்லியிருக்கும் தெரு. அதே சொற்களில் இல்லாவிட்டாலும் இன்னும் ருசியாகச் சொல்லியிருக்கும். அவன் த்ரீவீலை விட்டு இறங்குவதற்கு முன்னே சொல்லி முடித்திருக்கும். பர்ஸானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுறவங்க வந்து எனக்குப் பக்கத்துல இருக்கப் போறாங்களா?" என்றாள் நோனா. "நீ என்னயப் பாக்க வா. அவங்களப் பாக்கவா வரச் சொல்லுறேன்?"

"அண்டைக்கி ஏலாமப் போச்சு. அடுத்த நாள் வந்திருந்தா ஒரு நாள் பிந்தி வந்தவன். இப்ப வந்தா நான் என்னத்துக்கு வந்தவன் உம்மா? வாப்பாட கபுறடிக்குப் போய் என்ன சொல்லி நிக்க? நாள் போகப் போக லேசாகும் எண்டு நெனச்சேன். கஷ்டமாத்தான் ஆகுது."

நோனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கபுறடியில் இருக்கிறவர் ஒன்றும் கேட்க மாட்டார், உயிரோடு இருந்தபோதே பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்காத மனிதர் என்று சொல்லியிருக்கலாம். வருகிற பிள்ளைக்கு அது போதும். இவன் வருவதில்லை என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டு, அதற்குப் பதிலாக என்னவெல்லாம் கொடுக்கலாம் என்று தேடுகிறவன். கலேவெலை வரை தேடியிருக்கிறான். அந்த மெனக்கேட்டில் கால்வாசி போதும், ஒரு டிக்கெட்டுக்கு. அது அவனுக்கும் தெரியும்.

பலீல் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தான், சத்தம் வராமல். இப்போதுதான் அவனுக்கும் விளங்கியிருந்தது, தான் எதைப் பூட்ட வந்தோம் என்று.

"பின்னறை ஜன்னலுக்கும் ஒண்டு அனுப்பவா உம்மா?" என்றான் றிஸ்வான். அவசரமாக, மூச்சு விடாமல் கேட்டான். அந்த அறையிலும் பின்னேரத்தில் மேற்கு வெயில் அடிக்குமே, அளவு தனக்கு ஞாபகம் இருக்கிறதே என்றான். "எதுல ஓடணும் எண்டு மட்டும் சொல்லுங்க. கரண்டா, பட்டரியா, சோலாரா?"

அந்த அறையில்தான் தோய்த்த நுளம்பு வலை, வெயில் காட்டிய மெத்தைக்கு மேலே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. பர்ஸானாகூட.

நோனா போனைப் பார்த்தாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் அவளுக்கு முகம் தெரியும், தள்ளிப் பிடித்தாள்.

"எதெண்டாலும் சரி மகன்" என்றாள். "ஆள் வரத் தேவயில்லாத ஒண்டாப் பாத்து அனுப்பு."

சரி உம்மா, சரி என்றான் றிஸ்வான். இரண்டாவது சரியில் ஒரு பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. அது பலீலுக்கும் கேட்டது, பர்ஸானாவுக்கும் கேட்டது. காது கேட்காது என்று சொல்லிக்கொள்கிறவளுக்கு முதலில் கேட்டது.